எந்த வள்ளம் எடுக்கலாம்?



ஆண்டு மலர் என்றால் கம்ப்யூட்டர் பற்றி ஒரு கட்டுரை, காதல் பற்றி நாலு கவிதை, நாட்டுப்பற்று பற்றி ஒரு தலையங்கம் கட்டாயம் இருக்கும். நான் மீன்பிடி வள்ளத்தைப் பற்றி எழுதப் போகிறேன். “இதுக்கும் டிப்ளமோவுக்கும் என்னல சம்பந்தம்?” என்று பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்டுவிட்டான். சம்பந்தம் இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். நம் அப்பாமார் அதை நம்பித்தான் கடலுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். இந்த வருஷம் எங்கள் வீட்டில் பழைய வள்ளத்தைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுக்கும் பேச்சு நடக்கிறது. அம்மாவின் நகை அடகுக்குப் போகும், மேலும் கடனும் வாங்க வேண்டும். அண்ணன் பெரிய இஞ்சின் வேண்டும் என்கிறான். பெரியப்பா பழைய மர வள்ளமே போதும் என்கிறார். அப்பா என்னைப் பார்த்து, “நீ படிச்சவன்லா, எந்த வள்ளம் எடுக்கலாம்னு சொல்லு” என்கிறார். இந்த ஒரு கேள்விக்கு மூன்று வருஷப் படிப்பு பதில் சொல்ல வேண்டாமா? நம் கல்லூரியில் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறோம். எல்லார் வீட்டிலும் என்றைக்காவது இந்தக் கேள்வி வரும். அதனால் என் கருத்தை எழுதுகிறேன்.

இன்றைக்குக் கடற்கரையில் வள்ளம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, “எத்தனை எச்.பி. இஞ்சின்?” என்பதுதான். இரண்டாவது, “பக்கத்து வீட்டுக்காரன் என்ன எடுத்தான்?” இரண்டுமே கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள் என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன.

முதல் கேள்வி: எந்தக் கரை, எத்தனை தொழில்?

தூத்துக்குடியிலிருந்து வடக்கே தருவைகுளம், வேம்பார் என்று போனால் கடலுக்குள் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே தொடங்கி ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986-இல் இவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவும் பாரும் அலையின் வேகத்தைத் தடுத்துவிடுவதால் திரேஸ்புரத்தில் கனமான வள்ளத்தையும் தண்ணீரிலேயே கட்டிப் போடலாம். தெற்கே மணப்பாடு, பெரியதாழை பக்கம் போனால் தீவு கிடையாது. அங்கே அலையை உடைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், அலையோடுதான் கரையேற வேண்டும். திரேஸ்புரத்துக்கு ஏற்ற வள்ளம் பெரியதாழைக்கு இடைஞ்சல். பெரியதாழைக்கு ஏற்ற இலேசான மரம் திரேஸ்புரத்துச் சங்குகுளிக்குப் பத்தாது. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, வேறு ஊரில் நன்றாக ஓடுகிறது என்பதற்காக ஒரு வள்ளத்தை இங்கே கொண்டுவரலாமா?

அடுத்தது தொழில். ஒரே தொழிலுக்கென்று வள்ளம் எடுப்பது நம் கடலில் ஆபத்து. முத்துக்குளிப்பையே பாருங்கள். தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பேர் வாங்கித் தந்த தொழில் அது. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. பாரில் சிப்பி இல்லாமல் போனதும் அந்தத் தொழில் நின்றது. ஆனால் வள்ளம் நிற்கவில்லை. வலைக்குப் போனது, சங்குக்குப் போனது, தூண்டிலுக்குப் போனது. முத்துக்கு மட்டும் ஆகிற வள்ளமாக இருந்திருந்தால் அன்றைக்கே விறகாகியிருக்கும்!

இன்றைக்கும் அதே கதைதான். ஒரு வருஷத்துக்குள் சாளை வலை, நண்டு வலை, கணவாய்த் தூண்டில், சங்கு என்று தொழில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகின்றன. அந்த நாட்களில் எந்தத் தொழிலுக்கும் ஒத்துவருகிற வள்ளம் வைத்திருப்பவர் வீட்டில்தான் அடுப்பு ஒழுங்காக எரியும். ஆகவே நடுவில் வலை குவிக்க இடம் இருக்கிறதா, ஐஸ் பெட்டி வைக்கலாமா, இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று வலை இழுத்தால் வள்ளம் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: தண்ணீர் புகுந்தால் மிதக்குமா?

இதைத்தான் நான் மிக முக்கியமான கேள்வி என்பேன். நம் முன்னோரின் கட்டுமரத்துக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அது தண்ணீரைவிட இலேசான மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் ‘கேட்டமரான்’ என்று எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் உள்ள வேறொரு கப்பலுக்கு வைத்துக்கொண்டான்.

மேல்நாட்டில் ‘கயாக்’ என்று ஒரு சிறு படகு உண்டு. கிரீன்லாந்துப் பக்கத்து இன்யூட் மக்கள் தோலால் செய்து, ஒற்றை ஆளாக வேட்டைக்குப் போன படகு அது. இன்று பிளாஸ்டிக்கில் வார்த்து, தூண்டில் போடுகிறவர்களுக்கென்றே விற்கிறார்கள். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகையில் தட்டில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். ஏறுகிற தண்ணீர் அது வழியாகத் தானாக இறங்கிவிடும். நம் கட்டுமரம் எப்போதோ செய்ததை அவர்கள் இப்போது செய்கிறார்கள்! ஆனால் அது பெரும்பாலும் பொழுதுபோக்குக்குப் போகிறவர் படகு. நாலு ஆளையும் நூறு கிலோ வலையையும் அதில் ஏற்ற முடியாது. நமக்கு வேண்டியது படகு அல்ல, அந்தத் தத்துவம்தான்.

கட்டுமரத்துக்கும் குறைகள் உண்டு. ஆள் எந்நேரமும் நனைய வேண்டும், மீனை ஐஸில் வைக்க இடமில்லை, பெரிய மரமும் கிடைப்பதில்லை. மரம் அரிதாகி விலை ஏறியதால்தான் குமரி மாவட்டம் முட்டத்தில் 1980-களில் பிளைவுட் படகு கட்டும் முயற்சி நடந்தது. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் பைபர் ஒட்டுகிற முறை அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையெங்கும் பைபர் பரவியது. நிவாரணப் படகு கட்டப் புதிது புதிதாக யார்டுகள் முளைத்தன. அவசரத்தில் கட்டியதில் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன.

பைபர் வள்ளம் நல்லதுதான். உளுக்காது, இலேசு, ஓட்டை விழுந்தால் மேட்டும் ரெசினும் வைத்து நாமே அடைத்துக்கொள்ளலாம். ஆனால் பைபர் தண்ணீரைவிடக் கனம். இங்கேதான் நம் படிப்பு வர வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம்.

வள்ளத்தின் ஓடு 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பைபரின் ஒப்படர்த்தி சுமார் 1.5. அப்படியானால் கன அளவு 667 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. எனவே முழுக்கத் தண்ணீர் புகுந்த நிலையில் ஓட்டுக்குக் கிடைக்கும் மேல்நோக்கு விசை 683 கிலோ. மீதி 317 கிலோ கீழே இழுக்கும். 100 கிலோ இரும்பு இஞ்சின் என்றால் அது ஏறக்குறைய 86 கிலோ இழுக்கும். ஆக மொத்தம் 403 கிலோ. இதைத் தாங்குவதற்கு உள்ளே அடைத்த நுரை வேண்டும். கன மீட்டருக்கு 40 கிலோ எடையுள்ள நுரை என்றால் ஒரு லிட்டர் நுரை 0.985 கிலோவைத் தூக்கும். 409 லிட்டர் இருந்தால் வள்ளம் மட்டும் மிதக்கும். நாலு பேர் பிடித்துத் தொங்கவும் நனைந்த வலைக்கும் சேர்த்து 600 லிட்டர் என்று வைப்போம். அதாவது மூன்று பெரிய டீசல் டிரம் அளவு. ஒரு குடும்பத்தின் உயிருக்கு விலை அந்த மூன்று டிரம் நுரைதான்!

இந்த நுரை இருக்கிறதா என்று யார் பார்க்கிறோம்? ஒரு யார்டுக்கு அண்ணனோடு போயிருந்தேன். முன்பக்கம் மூடிய பெட்டியைத் தட்டிப் பார்த்தால் வெறும் டொக்கு டொக்கு சத்தம். “அண்ணாச்சி, இதுக்குள்ள நுரை இருக்கா?” என்று கேட்டேன். “தம்பி, இத்தனை பேரு வாங்கிட்டுப் போயிருக்கான். ஒருத்தனும் இதக் கேக்கல” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்காதவர்கள்மேல்தான் வருத்தம். வெறும் காற்றுப் பெட்டி இருந்தாலும் மிதக்கும் என்பார்கள். ஒரு விரிசல் விழுகிற வரைக்கும் மிதக்கும். அப்புறம்? சில இடங்களில் தெர்மாகோலை வைத்து அடைப்பதும் உண்டு. பாலியஸ்டர் ரெசின் நேராகப் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். பாலியூரித்தேன் நுரை கரையாது. இதெல்லாம் நாம் சொல்லாமல் யார் சொல்வது?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கடலில் கிடந்து உயிர் மீண்டவர்கள் குமரிக் கரையில் இருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாதவர்கள் திரும்பவில்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வி: இஞ்சின் நின்றால் வீடு வருமா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று. அது நம் கரையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். இஞ்சின் நின்றுபோன வள்ளத்தை அது கரைக்குத் தள்ளாது, இலங்கைப் பக்கம்தான் தள்ளும். மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தப்படி எல்லைக்கோடு இருக்கிறது. காற்றுக்குக் கோடு தெரியுமா? அந்தக் காலத்து வள்ளத்தில் பாய் இருந்தது, தண்டு இருந்தது. இப்போது இஞ்சின் வந்ததும் இரண்டையும் இறக்கிவைத்துவிட்டோம். துடுப்புப் போட முடியாத அளவுக்கு உயரமும் கனமும் உள்ள வள்ளத்தை எடுத்துவிட்டு, நங்கூரக் கயிறும் பத்தாமல் போனால் என்ன செய்வது? எந்த வள்ளமானாலும் இரண்டு ஆள் தண்டு வலித்தால் நகர வேண்டும். சின்னப் பாய் ஒன்று கட்ட இடம் வேண்டும். இஞ்சின் நம் ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பார்க்கக்கூடியதாக, உதிரிப் பாகம் தூத்துக்குடியிலேயே கிடைப்பதாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு எச்.பி. பற்றிப் பேசலாம். பாரம் ஏற்றித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வள்ளத்துக்கு ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் எத்தனை நாட் வேகம் என்று வரும். 25 அடி என்றால் 6.7 நாட். அதற்கு மேலே இரண்டு மடங்கு எச்.பி. போட்டாலும் வேகம் இரண்டு மடங்கு ஆகாது. அலையைத்தான் பெரிசாக்கும், டீசலைத்தான் குடிக்கும். அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். “ஏல, காகிதத்துல ஓட்டாதல” என்றான். ஆனால் மறுநாள் அவனே டீசல் கணக்கு நோட்டை எடுத்து வந்து கூட்டிப் பார்க்கச் சொன்னான்!

என் முடிவு இதுதான். எங்கள் கரை திரேஸ்புரம் மாதிரி அமைதியான கரை. அதற்கு நடுத்தர நீளமுள்ள பைபர் வள்ளம், அகலம் கொஞ்சம் கூட, இஞ்சின் கொஞ்சம் சின்னது, மிச்சமாகும் பணத்தில் நுரையும் பாயும் தண்டும். பெரியதாழைக்காரருக்கு இதே முடிவு ஒத்துவராது. அவர் அந்த மூன்று கேள்வியையும் தன் கரையில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். எல்லாத்துக்கும் ஆகிற வள்ளம் என்று கடையில் எதுவும் கிடையாது. கேட்டு, தட்டி, அளந்து எடுத்தால்தான் எல்லாத்துக்கும் ஆகும்.

தோழர்களே, நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் தெரு கூட்டுகிறோம், மரம் நடுகிறோம். நல்லது. அடுத்த முகாமை ஒரு கடற்கரை ஊரில் போடுவோம். புது வள்ளம் எடுத்தவர் சம்மதித்தால், இஞ்சினைக் கழற்றிவிட்டு அதே எடைக்கு மணல் மூட்டை வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் வள்ளத்தை நிரப்பிப் பார்ப்போம். நாலு பேர் தொங்கிப் பார்ப்போம். மூன்று பேரை ஒரு பக்கம் நிறுத்தி, விளிம்புக்கும் தண்ணீருக்கும் எத்தனை அங்குலம் மிச்சம் என்று அளப்போம். இதற்குப் பெரிய லேப் வேண்டாம். ஒரு டேப்பும் ஒரு கயிறும் ஒரு நோட்டும் போதும்.

“கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே” என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கன்னத்தில் வைக்காத அந்தக் கையால் வள்ளம் வாங்கும் முன்னே ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். உள்ளே நுரை இருக்கிறதா என்று கேட்போம். நாம் கேட்க ஆரம்பித்தால் யார்டுக்காரரும் வைக்க ஆரம்பிப்பார். படித்தவன் வீட்டில் இருப்பதன் பிரயோஜனம் அதுதானே!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்