உயிரணுவின் கயிற்றுச்சாலை

தார்நாக்கா வழியே செல்லும் நம் அன்பர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைக் கண்டிருப்பர். அதுவும் நம்மைப் போலத் தமிழகத்திலிருந்து வந்ததேயாகும். 1918ஆம் ஆண்டில் குன்னூரில் தோன்றிய அந்நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. நாம் எதை, எவ்வளவு உண்ண வேண்டும் என்று ஆராய்வது அதன் பணி. உண்ட சத்து உடலுக்குள் எங்கே சென்று தொழில் புரிகிறது என்பதை இத்திங்கள் நோக்குவோம்.

நம் உயிரணுக்களுக்குள் மெல்லிய சவ்வாலான மடிப்புகளும் குழாய்களும் பின்னிக் கிடக்கின்றன. இப்பின்னலுக்கு எண்டோபிளாச வலை என்று பெயர். 1945இல் கீத் போர்ட்டரும் அவர்தம் துணைவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இதனைக் கண்டனர். இவ்வலையின் ஒரு பகுதியில், புறத்தே ரைபோசோம் என்னும் நுண்மணிகள் ஒட்டியிருக்கும். உயிரணு வெளியே அனுப்பும் புரதங்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன.

தோல், எலும்பு, ஈறு, இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு வலிமை தரும் கொலாஜன் அப்புரதங்களுள் ஒன்று. அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர். அக்கயிறு முறுக்கப்படும் இடம் இவ்வலையின் உட்புறமே.

முறுக்கு நிலைக்க வேண்டுமாயின், இழைகளில் குறித்த இடங்களில் ஆக்சிஜன் அணுக்கள் சேர்தல் வேண்டும். அவற்றைச் சேர்க்கும் நொதி, வைட்டமின் சி துணையின்றிச் செவ்வனே இயங்காது. அச்சத்து நெடுநாள் இல்லாவிடில் கயிறு உடற்சூட்டையே தாங்காது நெகிழும். செம்மையுறாத இழைகள் வலைக்குள்ளேயே தேங்கும். ஈறு வீங்கிக் குருதி கசியும், புண் ஆறாது. ஸ்கர்வி என்னும் நோய் இதுவே.

மனித உடல் வைட்டமின் சியைத் தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. வளர்ந்த ஆடவருக்கு நாள்தோறும் 80 மில்லிகிராம், பெண்டிருக்கு 65 மில்லிகிராம் வேண்டுமென 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. நூறு கிராம் நெல்லியிலோ கொய்யாவிலோ 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. இந்நகரச் சந்தையில் உசிரிக்காய் என்று கேட்டால் கிடைப்பது நம் நெல்லியே. ஜாமக்காய் என்பது நம் கொய்யாவே.

அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் விரையும் இல்லங்களில் சோறும் ஊறுகாயுமே உணவாகிவிடுவதுண்டு. வைட்டமின் சி நீரில் கரையும், வெப்பத்தால் அழியும். ஆதலின் காய் வெந்த நீரைக் கொட்டாது குழம்பில் சேர்ப்பீர். பிள்ளைகளுக்கு நாளொரு பழம் பச்சையாகவே கொடுப்பீர். கண்ணுக்குத் தெரியாத அக்கயிற்றுச்சாலைக்கு நாம் அளிக்கும் கூலி அதுவே.