மருத்துவரின் தயக்கமும் அரசின் மௌனமும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாயிலுக்கு உள்ளே அரண்மனை அமைத்து ஆண்ட திருவிதாங்கூர் அரசு, 1813-ஆம் ஆண்டிலேயே அம்மை குத்தும் முறையை அறிமுகப்படுத்தியது. ராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சிக்காலம் அது. புதிய முறையைக் கண்டு மக்கள் அஞ்சி ஒதுங்கியபோது, அரச குடும்பத்தினரே அம்மை குத்திக்கொண்டு வழிகாட்டினர் என்று திருவிதாங்கூர் வரலாறு கூறுகிறது. பின்னர் 1879-இல் அரசு ஊழியர்கள், மாணவர்கள், சிறைக்கைதிகள் ஆகியோருக்கு அம்மை குத்துவது கட்டாயமாக்கப்பட்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத் தமிழர்களும் அன்று அந்த ஆணைக்கு உட்பட்டவர்களே.

ஊருக்குச் சொல்பவர் முதலில் தன் கையை நீட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பழைய நடவடிக்கையின் சாரம். இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு கரோனா தொற்று வந்தபோது, அந்த இடத்தில் அரச குடும்பம் இல்லை. மருத்துவர்கள் இருந்தனர். தடுப்பூசி நல்லதா, கெட்டதா என்று சாமானியர் கேட்பது அமைச்சரிடம் அல்ல, தமக்குத் தெரிந்த மருத்துவரிடம்தான். அந்த மருத்துவரே தயங்கினால் என்ன ஆகும் என்பதை 2021-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது.

2020 ஜூலையில் கிழக்கேகோட்டை எப்படி இருந்தது என்பதை அப்பகுதியினர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை 6-ஆம் தேதி முதல் திருவனந்தபுரம் நகரில் மும்மடங்கு ஊரடங்கு அமலுக்கு வந்தது. தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் நிறைந்த சாலைக் கம்போளம் அடைபட்டது. கடலோரத்தில் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் நோய் சமூகப் பரவலாகிவிட்டது என்று அம்மாதம் 17-ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் வெளிப்படையாக அறிவித்தார். அத்தகைய நெருக்கடியைச் சந்தித்த மாநிலத்தில், தடுப்பூசி வந்த நாளன்று மருத்துவமனைகளில் வரிசை நீண்டிருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர்.

நடந்தது வேறு. 2021 ஜனவரி 16-ஆம் தேதி நாடு முழுவதும் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியபோது, கேரளத்தில் 133 மையங்களில் தலா 100 பேர் என்று திட்டமிடப்பட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் 8,062 பேர். தமிழகத்தின் நிலை இன்னும் மோசம். 166 மையங்கள் இருந்தும் முதல் நாளில் 3,000 பேர்கூடத் தேறவில்லை. நாடு முழுவதிலும் சுமார் மூன்று லட்சம் பேருக்கு என்று திட்டமிட்ட இடத்தில், 1.91 லட்சம் பேர் மட்டுமே போட்டுக்கொண்டதாக அன்று மாலை மத்திய அரசு தெரிவித்தது.

கோவின் செயலியின் கோளாறு இதற்கு ஒரு காரணம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அப்போது பட்டியலில் சேர்க்கப்படாததும் ஒரு காரணம். ஆனால், தயக்கமும் ஒரு பெரிய காரணம் என்பதை மறைத்துப் பயனில்லை. 2010-ஆம் ஆண்டிலும் இதே நிலைதான். பன்றிக்காய்ச்சல் பரவியபோது சுகாதாரப் பணியாளர்களுக்கென்று இறக்குமதி செய்யப்பட்ட 15 லட்சம் தடுப்பூசிகளை வாங்கிக்கொள்ள மருத்துவமனைகளிலேயே ஆர்வம் இல்லை. அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றிருந்தால், 2021-இல் அரசு முன்கூட்டியே ஆயத்தமாகி இருக்கும்.

மருத்துவர்களின் தயக்கத்தை அறியாமை என்றோ, கோழைத்தனம் என்றோ ஒதுக்கிவிட முடியாது. ஜனவரி 3-ஆம் தேதி கோவிஷீல்டுக்கும் கோவேக்ஸினுக்கும் ஒரே நாளில் அவசரகால அனுமதி அறிவிக்கப்பட்டது. கோவேக்ஸினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை அப்போது முடிந்திருக்கவில்லை. 'மருத்துவப் பரிசோதனை முறையில்' பயன்படுத்தலாம் என்ற விநோதமான நிபந்தனையுடன் அனுமதி தரப்பட்டது. போட்டுக்கொள்பவர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்திலோ, இந்த மருந்தின் நோய் தடுக்கும் திறன் இன்னும் நிறுவப்படவில்லை என்று அச்சிடப்பட்டிருந்தது. படிவத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டவரைக் குறைகூறுவது எப்படி நியாயமாகும்?

தலைநகர் தில்லியில், நாடாளுமன்றத்துக்கு அருகிலேயே உள்ள ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் முதல் நாளன்றே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினர். பரிசோதனை முழுமை பெறாத நிலையில் கோவேக்ஸின் பற்றித் தங்களுக்கு ஐயம் இருக்கிறது, எங்களுக்குக் கோவிஷீல்டு தாருங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. தடுப்பூசியே வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. ஆதாரம் உள்ளதைத் தாருங்கள் என்றார்கள். இந்த வேறுபாட்டை ஆட்சியாளர்கள் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. கேள்வி எழுப்பியவர்கள் வதந்தி பரப்புவோரின் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அன்று முதல் தடுப்பூசியைப் பெற்றவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. மருத்துவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதும் உரிமையும் துணிவும் உண்டு. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு அது உண்டா? மருத்துவர்கள் எழுப்பிய கேள்வி, கேட்க முடியாதவர்களுக்காகவும் எழுந்த கேள்வி. அதற்குரிய விடையை அளித்திருந்தால் மருத்துவமனையின் கடைநிலை ஊழியர் வரை எல்லோரும் பயன் பெற்றிருப்பார்கள்.

நாடாளுமன்றத்தில் அரசு நடந்துகொண்ட விதமும் நம்பிக்கை வளர்ப்பதாக இல்லை. எத்தனை மருத்துவர்கள் கரோனாவுக்கு பலியானார்கள் என்ற கேள்விக்கு, சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்தியில் அந்தப் புள்ளிவிவரம் பராமரிக்கப்படுவதில்லை என்று 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் பதில் வந்தது. வெகுண்டெழுந்த இந்திய மருத்துவ சங்கம், உயிரிழந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. 2021 பிப்ரவரியில் அதே அவையில் 162 மருத்துவர்கள், 107 செவிலியர்கள், 44 ஆஷா பணியாளர்கள் என்று ஒரு கணக்கு தரப்பட்டது. மருத்துவ சங்கத்தின் கணக்கோ எழுநூறைத் தாண்டி நின்றது. தங்களுடைய இறப்பையே எண்ணத் தவறிய அரசு, தடுப்பூசியின் பக்க விளைவுகளைச் சரியாக எண்ணும் என்று மருத்துவர்கள் எப்படி நம்புவார்கள்?

ஆனால், தயக்கத்துக்குக் காரணம் இருந்தது என்பதால் தயக்கத்துக்கு விலை இல்லாமல் போய்விடாது. 2021 மார்ச் 3-ஆம் தேதி கோவேக்ஸினின் இடைக்கால முடிவு வெளியானது. அடுத்த சில நாள்களில் பரிசோதனை முறை என்ற நிபந்தனையும் நீங்கியது. அதன் பிறகும் பலர் காத்திருந்தனர். அலை ஓய்ந்துவிட்டது என்ற எண்ணம் மருத்துவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஏப்ரலில் இரண்டாவது அலை வந்து மோதியது. இரண்டாவது அலையில் அதுவரை இறந்த 244 மருத்துவர்களில் வெறும் மூன்று சதவீதத்தினரே இரண்டு தவணையும் போட்டிருந்தனர் என்று மே மாத நடுவில் இந்திய மருத்துவ சங்கம் தெரிவித்தது. பணி தொடங்கி ஐந்து மாதங்கள் ஆன நிலையில், ஜூன் 10-ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறை நடத்திய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்களில் 82 சதவீதத்தினர் முதல் தவணையும், 56 சதவீதத்தினர் மட்டுமே இரண்டாம் தவணையும் பெற்றிருந்தது தெரியவந்தது.

தடுப்பூசி காத்ததா என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியே சான்று. அங்கு 2021 ஜனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை 8,991 பணியாளர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டனர். பெரும்பாலோர் பெற்றது கோவிஷீல்டு. இரண்டு தவணை முடித்தவர்களுக்கு மருத்துவமனையில் சேரும் நிலையிலிருந்து 77 சதவீதமும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும் நிலையிலிருந்து 94 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்ததாக அங்கு நடந்த ஆய்வு கண்டறிந்தது. அங்கு உயிரிழந்த ஒரே பணியாளர், வேறு நோய்களும் இருந்த, தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்.

இது முழுமையான கவசம் அல்ல என்பதும் உண்மை. இந்திய மருத்துவ சங்கத்தின் முன்னாள் தலைவர் டாக்டர் கே.கே. அகர்வால் இரண்டு தவணை போட்டும் 2021 மே 17-ஆம் தேதி கரோனாவுக்குப் பலியானார். கோவிஷீல்டு போட்டுக்கொண்ட மிகச் சிலருக்கு ரத்தம் உறையும் பாதிப்பு நேர்ந்ததும் உண்மை. பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற விகிதத்தில் அத்தகைய பாதிப்பு பதிவானதாக மத்திய அரசே அந்த மே மாதம் ஒப்புக்கொண்டது. இத்தகைய உண்மைகளை மறைத்தால் வதந்திக்கு வழி பிறக்கும். ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் இரு நாள்களில் மாரடைப்பால் மறைந்தபோது, தமிழகத்தில் பரவிய அச்சத்தை நாம் அறிவோம். அந்த நேரத்தில் மக்கள் நம்பிக் கேட்டது மருத்துவர்களின் சொல்லைத்தான். தானே போட்டுக்கொள்ளாத மருத்துவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது.

அப்படியானால், மருத்துவர்களைக் கட்டாயப்படுத்தி இருக்க வேண்டுமா? இத்தாலி 2021 ஏப்ரலில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்து அதே வழியில் செல்ல முயன்று, ஆள் பற்றாக்குறைக்கு அஞ்சி 2022-இல் பின்வாங்கியது. இந்தியா மத்திய அளவில் கட்டாயப்படுத்தவில்லை என்பது சரியான முடிவே. 2022 மே 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இதையே உறுதி செய்தது. தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி எவரையும் வற்புறுத்த முடியாது என்றும், பரிசோதனைத் தரவுகளையும் பக்க விளைவு விவரங்களையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் கூறினர். அரசின் தடுப்பூசிக் கொள்கையை அவர்கள் குறைகூறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அந்த வழக்கைத் தொடுத்த ஜேக்கப் புலியேலும் ஒரு குழந்தைகள் நல மருத்துவர்தான்.

நம்பிக்கை உருவானால் என்ன நிகழும் என்பதற்கும் கேரளமே உதாரணம். முதல் நாளில் இலக்கை எட்டாத அதே மாநிலம், 2021 மே 4-ஆம் தேதி ஒரு கணக்கை வெளியிட்டது. மத்திய அரசு தந்த தடுப்பூசி 73,38,806 தவணை. போடப்பட்டது 74,26,164 தவணை. குப்பியில் சிறிதளவு கூடுதலாக இருக்கும் மருந்தையும் வீணாக்காமல் பயன்படுத்தியதால் இது சாத்தியமாயிற்று. செவிலியர்களின் திறமைக்கு முதல்வர் நன்றி கூறினார், பிரதமரும் பாராட்டினார். பிரதமர் நரேந்திர மோடி அவ்வாண்டு மார்ச் 1-ஆம் தேதி எய்ம்ஸில் கோவேக்ஸின் போட்டுக்கொண்டபோது பணியில் இருந்த செவிலியர் இருவரில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்தவர், மற்றொருவர் கேரளத்தைச் சேர்ந்தவர்.

அரசியல்வாதிகள் வரிசையை மீறி முந்தக் கூடாது என்று ஜனவரியில் பிரதமர் கூறியதில் தவறில்லை. ஆனால், மருத்துவப் பட்டம் பெற்ற அமைச்சர்களுக்கு வேறு வழி இருந்தது. தமிழக சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த விஜயபாஸ்கர், ஜனவரி 22-ஆம் தேதி சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில், அமைச்சர் என்ற முறையில் அல்லாமல் மருத்துவர் என்ற முறையில் கோவேக்ஸின் போட்டுக்கொண்டார். 1813-இல் அரச குடும்பம் செய்ததும் இதையேதான். மருத்துவரான மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் ஹர்ஷ் வர்தன் மார்ச் வரை காத்திராமல் முதல் நாளிலேயே இதைச் செய்திருக்கலாம்.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது. கேரளத்தில் 2018 முதல் நிபா மீண்டும் மீண்டும் தலைகாட்டி வருகிறது. நோயாளியைக் கவனித்ததற்காக அம்மாநிலம் செவிலியர் லினியை இழந்தது. நிபாவுக்குத் தடுப்பூசி காணும் முயற்சிகள் உலகில் நடைபெற்று வருகின்றன. அப்படி ஒன்று வந்தால், முதலில் கையை நீட்டும்படி கேட்கப்படுவோர் கேரளத்தின் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவுமே இருக்கக் கூடும்.

அதற்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. எந்தத் தடுப்பூசிக்கும் அனுமதி அளிக்கும் நாளிலேயே அதன் பரிசோதனைத் தரவுகளை வெளியிட வேண்டும். தொற்றுக் காலத்தில் உயிரிழக்கும் சுகாதாரப் பணியாளர்களின் எண்ணிக்கையையும், அவர்கள் தடுப்பூசி பெற்றவர்களா என்ற விவரத்தையும் மத்திய, மாநில அரசுகள் இணைந்து பதிவு செய்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தடுப்பூசியால் அரிதாகப் பாதிக்கப்படுவோருக்கு, நீதிமன்றப் படியேறாமல் இழப்பீடு கிடைக்க வழி செய்ய வேண்டும். மருத்துவர் சங்கங்களோ, தங்கள் உறுப்பினர்களின் ஐயங்களைத் திறந்த மனத்துடன் விவாதித்து முடிவைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பது மருத்துவரின் உரிமை. விடை தருவது அரசின் கடமை. விடை கிடைத்த பிறகும் காரணமின்றித் தயங்கி, அந்தத் தயக்கத்தைத் தன்னை நம்பி வரும் நோயாளிக்கும் தொற்ற வைப்பது மருத்துவ அறத்துக்கு ஏற்றதல்ல. 2021-இல் அரசு தன் கடமையைத் தாமதமாகச் செய்தது. மருத்துவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் கடமையை இன்னும் தாமதமாகச் செய்தனர். இரண்டு தாமதங்களுக்கும் விலை உயிர்களாகக் கொடுக்கப்பட்டது. மற்றுமொரு முறை அந்த விலையைக் கொடுக்க இந்த நாட்டால் இயலாது.