பாலங்களில் நின்றோம், கணக்குக் கேட்கவில்லை

ட்ரென்டன் விமானப்படைத் தளத்திலிருந்து ரொறன்ரோ வரும் 401ஆம் நெடுஞ்சாலைப் பகுதிக்கு 2007 ஆகஸ்டில் ஒன்ராறியோ அரசு ‘வீரர்களின் நெடுஞ்சாலை’ என்று பெயர் சூட்டியது. ஆப்கானிஸ்தானில் இறந்த கனடியப் படையினரின் உடல்கள் பிரேதப் பரிசோதனைக்காக அந்த வழியாகத்தான் ரொறன்ரோவுக்கு வந்தன. வாகன வரிசை கடக்கும்போதெல்லாம் வழிநெடுகிலும் மேம்பாலங்களில் மக்கள் கொடியோடு நின்றார்கள். அரசு அழைத்து வந்த கூட்டமல்ல அது. ஸ்காபுரோவிலும் அஜாக்சிலும் மார்க்கத்திலும் ஸ்ரௌவ்விலிலும் வாழும் தமிழர்கள் வேலைக்குப் போய்வரும் சாலையும் அதுதான். 2002 முதல் 2011 வரை அந்தப் போரில் இறந்த கனடியப் படையினர் 158 பேர். அவர்களுக்குச் செய்த மரியாதையில் இந்த நாடு குறை வைக்கவில்லை. ஆனால், அவர்களை எதற்காக அனுப்பினோம், சொன்ன நோக்கங்களில் எது நிறைவேறியது, எந்த முடிவு எந்த உயிரைக் கொண்டுபோனது என்று முழுமையாக ஆராயும் சுதந்திரமான பொது விசாரணை ஒன்றைக் கனடா இன்றுவரை நடத்தவில்லை. இறந்தவர்களுக்கு அரசு தரவேண்டிய முதல் கடன் அதுதான் என்பது என் நிலைப்பாடு.

இந்தக் கேள்வி எழாமற்போனது தற்செயல் இல்லை. 2006 ஏப்ரல் 22 அன்று கந்தஹாருக்கு அருகே கண்ணிவெடியில் நான்கு படையினர் இறந்தார்கள். ஸ்டீபன் ஹாப்பரின் புதிய அரசு, நாடாளுமன்றக் கோபுரத்தின் கொடியை அவர்களுக்காக அரைக்கம்பத்தில் இறக்க மறுத்தது. ட்ரென்டனில் உடல்கள் வந்திறங்குவதைப் படம்பிடிக்க ஊடகங்களுக்கும் தடை விதித்தது. கொடி விடயத்தில் அரசின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது: இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் இறந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அப்படிச் செய்யப்படவில்லை, நவம்பர் 11 எல்லோருக்கும் பொதுவான நினைவு நாள் என்றார்கள். படப்பிடிப்புத் தடைக்குச் சொன்ன காரணம் குடும்பங்களின் தனிமை. அதற்கு ஒரு குடும்பமே பதில் சொன்னது. அடுத்த மாதம் போர்க்களத்தில் கொல்லப்பட்ட முதல் கனடியப் பெண் படையினரான கேப்டன் நிக்கோலா கொடார்டின் இறுதிச்சடங்கில், அவருடைய தந்தை அந்தத் தடையை வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அது குடும்பங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அரசு எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கந்தஹார் தளத்தில் படையினரே எழுப்பிய நினைவுச்சின்னத்தை 2019 மேயில் ஒட்டாவா பாதுகாப்புத் தலைமையகத்தில் திறந்தபோது, இறந்தவர்களின் குடும்பங்களையே அழைக்காமல் மூடிய கதவுக்குள் திறந்தார்கள். படைத் தலைமை அதற்கு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

மறைத்தது ஒரு வழி என்றால், மரணங்களையே வாதமாக்கியது இன்னொரு வழி. கொடார்ட் இறந்த 2006 மே 17 அன்றே, படையை மேலும் இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பதற்கான தீர்மானம் நாடாளுமன்றத்தில் 149க்கு 145 என்ற கணக்கில் நிறைவேறியது. விவாதத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆறு மணி நேரம். தோற்றாலும் ஓர் ஆண்டு நீட்டிப்பேன் என்று பிரதமர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்த நாட்டில் படையை அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் சட்டப்படி கட்டாயமில்லை, அமைச்சரவையின் முடிவு போதும். அன்றுவரை இறந்த படையினரின் எண்ணிக்கை 16. 2008 மார்ச் 13இல் 198க்கு 77 என்று வாக்களித்து 2011 வரை நீட்டினார்கள். இரண்டு முறையும் அவையிலும் வெளியிலும் கேட்ட வாதம் ஒன்றே: இப்போது திரும்பினால் இறந்தவர்களின் தியாகம் வீணாகிவிடும். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தத் தர்க்கத்துக்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு புதிய மரணமும் அடுத்த மரணத்துக்கான காரணமாகிவிடுகிறது. போட்ட பணத்தை மீட்கவென்று சூதாட்ட மேசையை விட்டு எழாதவனின் கணக்கு அது. முதல் வாக்கெடுப்புக்குப் பின் 142 பேர் இறந்தார்கள். 2009 தொடக்கம் மட்டும் 52 பேர்.

மாற்றுக் கருத்துச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். புதிய ஜனநாயகக் கட்சியின் (என்டிபி) தலைவர் ஜாக் லேட்டன் 2006இன் பிற்பகுதியில், கந்தஹாரில் போரிடும் படையைத் திருப்பி அழைக்கவேண்டும், தலிபானையும் உள்ளடக்கிய பேச்சுவார்த்தை வேண்டும் என்றார். ‘தலிபான் ஜாக்’ என்ற பட்டம் சூட்டினார்கள். படையினரைக் காட்டிக்கொடுக்கிறார் என்ற சாயலில் பேசினார்கள். அவர் 2011 ஆகஸ்டில் காலமானார். 2020 பெப்ரவரி 29 அன்று டோகாவில் அமெரிக்காவே தலிபானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது.  லேட்டன் சொன்னதைச் செய்திருந்தால் நல்ல முடிவு வந்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. 2006இல் தலிபான் பேச வந்திருக்குமா என்பதே சந்தேகம். துரோகம் என்று ஒதுக்கிய யோசனை பதினான்கு ஆண்டுகளில் நேச நாட்டின் கொள்கையாயிற்று. அதை அன்றே பொறுமையாக எடைபோட முடியாத அவையாக நம் நாடாளுமன்றம் ஏன் இருந்தது என்பதுதான் விசாரிக்கப்படவேண்டியது.

நோர்வே இதைச் செய்துகாட்டியிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் அந்த நாடு இழந்தது 10 பேரை. முன்னாள் அமைச்சர் பியோர்ன் தோரே கூடால் தலைமையில் சுதந்திரமான ஆணையம் அமைத்து, 2016இல் அறிக்கையை வெளியிட்டார்கள். நோர்வே வைத்திருந்த நோக்கங்கள் மூன்று: அமெரிக்காவுக்கும் நேட்டோவுக்கும் நம்பகமான கூட்டாளியாக இருப்பது, பயங்கரவாதத்தைத் தடுப்பது, ஆப்கானிஸ்தானில் நிலையான அரசைக் கட்ட உதவுவது. இவற்றில் முழுமையாக நிறைவேறியது முதலாவது மட்டுமே என்று ஆணையம் எழுதியது. கசப்பான வாசகம். ஆனால் அரசு, எதிர்க்கட்சி, இறந்தவர்களின் பெற்றோர் எல்லோரும் ஒரே பக்கத்தைப் படித்து விவாதிக்க முடிந்தது. ஈராக் போரைப் பற்றிப் பிரித்தானியா நடத்திய சில்கொட் விசாரணையின் அறிக்கையும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. கனடாவில் 2008இன் மான்லி குழு இருந்ததே என்பார்கள். அது போரின் நடுவில், அடுத்து என்ன செய்யலாம் என்று ஆலோசனை சொன்ன குழு. 2022இல் அறிக்கை தந்த நாடாளுமன்றக் குழு காபூல் வீழ்ந்தபோது நடந்த வெளியேற்றத்தையும் அதன் பின்விளைவுகளையும் ஆராய்ந்தது. அந்தப் பத்தாண்டுப் போரை முழுமையாக யாரும் ஆராயவில்லை. சோமாலியாவில் கனடியப் படையினர் செய்த கொடுமைகளை விசாரித்த ஆணையத்தை 1997இல் அரசே பாதியில் முடித்துவைத்தது நினைவிருப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது.

எதிர்வாதங்கள் உண்டு. படையினர் விரும்பிச் சேர்ந்தவர்கள், ஆபத்தை அறிந்தே போனார்கள் என்பது ஒன்று. உண்மைதான், அதனாலேயே அனுப்புகிறவர்களின் பொறுப்பு கூடுகிறது. திரும்பிவந்த காயப்பட்ட படையினர், வாழ்நாள் ஓய்வூதியத்துக்குப் பதிலாக 2006 முதல் ஒரே தொகையைக் கொடுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, தங்களுக்கு அப்படியொரு விசேட கடப்பாடு இல்லை என்றே அரசின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். வழக்கை மேலும் விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் மறுத்துவிட்டது. இரகசியங்கள் வெளியாகிவிடும் என்பது இன்னொரு வாதம். கனடியப் படை பிடித்த கைதிகள் ஆப்கான் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்ட விவகாரத்தில் இரகசிய ஆவணங்களைப் பார்க்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று அவைத்தலைவர் பீட்டர் மில்லிகன் 2010இலேயே தீர்ப்பளித்தார். காக்கவேண்டியதைக் காத்துக்கொண்டே விசாரிக்க வழி இருக்கிறது. இவற்றைவிட வலிமையான வாதம் மூன்றாவது: அந்த ஆண்டுகளில் ஆப்கான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அதை வெறும் தோல்வி என்று எழுதிவிடலாமா? கூடாது. ஒரு தலைமுறைப் பெண்கள் படித்தது தலிபான் திரும்பி வந்து உயர்நிலைப் பள்ளிகளைப் பூட்டியதால் இல்லாமற்போகாது. அதையும் எழுதத்தான் விசாரணை வேண்டும். கந்தஹாரில் கனடா எடுத்துக்கொண்ட தாலா அணைத் திட்டத்தில் எது நிலைத்தது, பள்ளிக்கூடங்களில் எத்தனை இன்று இயங்குகின்றன என்பது வரிகட்டியவர்களுக்குத் தெரியவேண்டும்.

இதில் தமிழர்களுக்கு என்ன என்று கேட்பவர்கள் 1987ஐ நினைக்கட்டும். அமைதி காக்கவென்று வந்த இந்தியப் படை இலங்கையில் ஏறத்தாழ 1,200 பேரை இழந்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அது நடத்திய சுட்டுக்கொலைகளும், வடக்கிலும் கிழக்கிலும் அதன் கையால் இறந்த பொதுமக்களும் நம் பக்கத்துக் கணக்கு. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அனுப்பிய டில்லி அந்த மூன்று ஆண்டுகளைப் பொது விசாரணைக்கு உட்படுத்தவும் இல்லை. அதனால் இறந்த சிப்பாயின் வீட்டுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, கொல்லப்பட்ட நோயாளியின் வீட்டுக்கும் கிடைக்கவில்லை. அந்நியப் படையின் துப்பாக்கி முனையில் வாழ்ந்த அனுபவமும், படையை அனுப்பும் நாட்டில் வாக்களிக்கும் உரிமையும் ஒருங்கே வாய்த்த சமூகம் கனடாவில் அதிகமில்லை. பயங்கரவாதம் என்ற சொல் எழும்போதெல்லாம் நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்குவது புரிகிறது. 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைக் கனடா தடைசெய்த பின் அந்தத் தயக்கம் இன்னும் இறுகிவிட்டது. ஆனாலும் நாம் பேசக்கூடிய கேள்வி இது.

லாத்வியாவில் நேட்டோ படையணிக்குக் கனடா தலைமை தாங்கி நிற்கிறது. இன்னொரு நாட்டுக்கு இன்னொரு படை போகும் நாள் வரத்தான் போகிறது. அதற்கு முன் இரண்டு வேலைகள் நடக்கவேண்டும். போருக்குப் படையனுப்ப நாடாளுமன்ற வாக்கெடுப்பைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்; ஆப்கானிஸ்தான் போரின் எல்லா ஆண்டுகளையும் ஆராய, ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரமுள்ள ஒரு பொது விசாரணை ஆணையம் அமைய வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு மார்க்கத்திலோ ஸ்ரௌவ்விலிலோ உங்கள் வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்த இரண்டுக்கும் அவர் வாக்களிப்பாரா என்று கேளுங்கள்.