நாற்காலி யாருக்கு?

பென்னாகரத்திலே, பள்ளி முடிந்த ஒரு மாலைப்பொழுதில், இளைஞர் சிலர் கூடினோம். அறிவியல் மன்றம் ஒன்று காணவேண்டும் என்பது எங்கள் ஆசை. கிரகணம் என்றதும் கதவடைத்து அஞ்சுவோரிடம் நிழலின் கணக்கை எடுத்துரைக்கவேண்டும். குறி கேட்டு மருந்தை மறப்போரிடம் நோயின் காரணத்தை விளக்கவேண்டும். நல்ல நோக்கந்தான். ஆனால் நண்பர் ஒருவர் எழுந்தார். "ஊரின் பெரிய செல்வரைத் தலைவராக்குவோம், பெயரும் வரும், பணமும் வரும்" என்றார்.

"அவருக்கு அறிவியலில் நாட்டம் உண்டா?" என்று கேட்டேன்.

"நாற்காலியில் அமர்வதற்கு அறிவியல் எதற்கு?" என்றார். எல்லோரும் சிரித்தனர். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏன் தெரியுமா, தோழர்களே? அந்தக் கேள்வி பென்னாகரத்தில் பிறந்ததன்று. 1660இல் தோன்றி, நியூட்டன் தலைமை தாங்கிய இலண்டன் இராயல் சங்கத்திலேயே அது எழுந்திருக்கிறது! ஆண்டு 1830. தலைவர் பதவிக்குப் போட்டியிட்டோர் இருவர். ஒருவர் ஜான் ஹெர்ஷல்: வானத்தை அளந்த அறிஞர். மற்றவர் சசெக்ஸ் கோமகன்: மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன், அன்று ஆண்டுகொண்டிருந்த நான்காம் வில்லியத்தின் தம்பி. வாக்குகளை எண்ணினார்கள். அறிஞருக்கு 111, அரசமகனுக்கு 119! விண்மீன்களை ஆராய்ந்தவர் வெளியே நின்றார்; மன்னர் வீட்டில் பிறந்தவர் நியூட்டனின் நாற்காலியில் அமர்ந்தார்.

எப்படி நேர்ந்தது இது? சங்கத்தின் உறுப்பினரில் பெரும்பாலோர் ஆய்வாளர் அல்லர். பட்டமும் பணமும் படைத்தோர், பெயருக்குப் பின்னே ஒரு சிறப்பு வேண்டி உள்ளே வந்தவர்கள். கணிப்பொறிக்கு முன்னோடியான இயந்திரத்தை வகுத்த சார்லஸ் பாபேஜ், அதே 1830இல் நூலொன்று எழுதி, இங்கிலாந்தில் அறிவியல் நலிந்து வருவதையும் சங்கத்தின் நிர்வாகச் சீர்கேட்டையும் சாடினார். 1847இல் விதி திருத்தப்பட்டது. ஆண்டுக்கு 15 பேரை மட்டுமே, தகுதி பார்த்து, ஆட்சிக்குழு தேர்ந்தெடுத்து உறுப்பினர் முன் வைக்கவேண்டும் என்றானது. பாராட்டுவோம். ஆனால் அந்தத் தகுதி பெண்ணுக்கும் உண்டு என்று அச்சங்கம் ஏற்க, 1945 வரை ஆயிற்று என்பதையும் மறவாதிருப்போம்!

இலண்டனில் பணம் கதவைத் திறந்தது. கல்கத்தாவில் நிறம் கதவை மூடிற்று.

1784இல், கல்கத்தா உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் ஜோன்ஸ், ஆசியவியல் சங்கத்தைத் தொடங்கினார். கூடியவர் முப்பது பேர். அத்தனை பேரும் ஐரோப்பியர். ஆராயப்போவது யாருடைய நாட்டை? நம் நாட்டை. யாருடைய நூல்களை? நம்மவர் நூல்களை. கற்ற இந்தியரை உறுப்பினராக்குவதா என்ற கேள்விக்கு மட்டும் ஜோன்ஸ் கூறிய விடை: பின்னர் முடிவு செய்துகொள்ளுங்கள்! அந்தப் 'பின்னர்' எப்போது வந்தது? 1829இல்! நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பிறகு!

இடைக்காலத்தில் நம்மவர் உழைப்பு வேண்டாமென்றார்களா? இல்லை. 1788இல் வெளிவந்த அச்சங்கத்தின் முதல் ஆய்வுத் தொகுதியிலேயே, காசி நகர நீதிபதி அலி இப்ராகிம் கான் எழுதிய கட்டுரை இடம்பெற்றது. குற்றவாளி யாரென்று அறிய நெருப்பைச் சான்றாக அழைத்த மூடவழக்கம் பற்றியது அது. கட்டுரைக்கு ஏடு உண்டு; இந்தியருக்கு இருக்கை இல்லை! 1829இல் கதவு திறந்தபோதும் நுழைந்தவர் யார்? துவாரகநாத் தாகூர் போன்ற செல்வச் சீமான்கள். உழுதவன் வீட்டுப் பிள்ளைக்கு அப்போதும் வாயிற்படிதான்.

1846இல் துணைச் செயலாளராகவும் நூலகராகவும் அச்சங்கத்தில் பணிக்குச் சேர்ந்தார் இராஜேந்திரலால் மித்ரா. தலைவர் நாற்காலி அவருக்குக் கிடைத்தது 1885இல். சங்கம் தோன்றி நூற்றோராண்டுகளுக்குப் பிறகு, முதல் இந்தியத் தலைவர்!

அதே கல்கத்தாவில் இன்னொரு காட்சி. 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார், இந்தியர் நன்கொடையால் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். செல்வரிடமும் பணம் பெற்றார், ஆய்வுக்காகவே பெற்றார். 1907இல், திருச்சியில் பிறந்த அரசுக் கணக்குத்துறை அலுவலர் ஒருவர் அதன் கதவைத் தட்டினார். கல்லூரிப் பதவி இல்லை; பேராசிரியர் என்ற பெயரில்லை; ஆர்வம் இருந்தது. கதவு திறந்தது. 1928இல் இராமன் விளைவு பிறந்தது! திறந்த கதவின் பயன் அதுவன்றோ?

ஆகவேதான் நண்பரிடம் சொன்னேன்: செல்வர் பணம் தரட்டும்; இரசீது தருவோம், நன்றி சொல்வோம். நாற்காலியை விலைபேச வேண்டாம். தலைவரை மறைவாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்போம். வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படிப்போம். சாதி கேளோம், பெண்களை வாயிலில் நிறுத்தோம். பகுத்தறிவைப் பிறருக்குப் போதிக்கும் மன்றம், தன் நடப்பில் அதைக் கைவிடலாமா? வெளியே விளக்கு, உள்ளே இருட்டு என்றால், ஊர் நம்மை நம்புமா?

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் தோற்கலாம். எட்டு வாக்கில் ஹெர்ஷலும் தோற்றார். ஆனால் பதினேழு ஆண்டுகளில் விதி மாறிற்று. மாற்றியது, தோற்றபின்னும் வாயடைத்துப் போகாதவர்களின் வாதம்!