ஜாமீன் கேட்கும் நட்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் தொழிற்சாலைச் சம்பளத்தில் எழுந்தவை. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே சுற்றமில்லை. உடன் வேலை செய்தவரும், ஞாயிறு திருப்பலியில் அருகே முழந்தாளிட்டவருமே சுற்றமாயினர். பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நின்றவரே கடன் மனுவில் ஜாமீன்தாரராகவும் கையெழுத்திட்டார். இந்த நட்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும், அதனுள் குடிபுகுந்துவிட்ட ஒரு பொய்யைக் கண்டும் காணாதிருக்க இனி இயலாது.

பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கங்களில் கடன் பெற உடன் பணிபுரிவோரின் ஜாமீன் வேண்டும். நண்பர் படிவத்தோடு வருகிறார். மகள் திருமணம் என்கிறார். ஏற்கெனவே வெளியில் வாங்கியுள்ள வட்டிக் கடன்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. கையெழுத்திடுபவரும் கேட்பதில்லை, கேட்டால் நட்புக்கு இழுக்காம்! வீட்டில் மனைவியிடமும் சொல்வதில்லை. தவணை நின்று, ஜாமீன்தாரரின் சம்பளத்தில் பிடித்தம் விழும் மாதத்தில்தான் அந்த அம்மையாருக்குச் செய்தி தெரிகிறது. ஒரு கையெழுத்தைச் சுற்றி மூன்று மௌனங்கள். இவற்றுக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் பெருந்தன்மை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரரின் பொறுப்பும். முக்கியமான செய்தியைக் கடன் கொடுப்பவர் மறைத்து ஜாமீன் பெற்றிருந்தால், அந்த ஜாமீன் செல்லாது என்கிறது 143-ஆம் பிரிவு. ஆனால் அப்பிரிவு பேசுவது கடன் கொடுப்பவரின் மௌனத்தைப் பற்றியே. தம் பழைய கடன்களை நண்பர் மறைத்தார் என்று காட்டி மட்டும் நாம் அப்பிரிவின் நிழலில் ஒதுங்க இயலாது. சட்டம் எட்டாத அந்த இடத்தில் காவல் நிற்க வேண்டியது கிறிஸ்தவ மனச்சாட்சி அல்லவா?

மறைநூலுக்கு இது புதிய வழக்கன்று. அயலானுக்குப் பிணை நின்று சிக்கிக்கொண்டவனை, உறங்காமல் ஓடிச்சென்று தன்னை விடுவித்துக்கொள்ளும்படி நீதிமொழிகளின் 6-ஆம் அதிகாரம் விரட்டுகிறது. சீராக்கின் 29-ஆம் அதிகாரமோ பிணை நிற்பதை நல்லவரின் செயலாகவே போற்றுகிறது. பிணை நின்றவரின் நன்றியை மறப்பவரைக் கடிந்துகொள்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் உதவியைக் கைவிடமாட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு உதவவும் மாட்டார்.

2022 மே மாதம் வெடித்த ஆருத்ரா கோல்டு விவகாரம் நாம் அறிந்ததே. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி என்று ஆசை காட்டி, சுமார் ஒரு இலட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி திரட்டப்பட்டது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் குற்றச்சாட்டு. இத்தகைய திட்டங்கள் செய்தித்தாள் விளம்பரத்தால் மட்டும் வளர்வதில்லை. நண்பர் நண்பரை அழைத்துச் செல்வதாலேயே வளர்கின்றன. அழைத்தவர் தமக்குக் கிடைக்கும் தரகுத் தொகையைச் சொன்னாரா? சொல்லாத அந்த நொடியிலேயே நண்பர் சரக்காகிவிட்டார்.

“உண்மையைப் பேசினால் நட்பு முறிந்துவிடும்” என்பர் சிலர். அந்தியோக்கியாவில் பேதுரு தவறியபோது பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்தார் என்பதைக் கலாத்தியர் திருமுகம் மறைக்கவில்லை. திருச்சபையோ அவ்விருவருக்கும் ஜூன் 29-இல் ஒரே நாளில் விழா எடுக்கிறது. வள்ளுவரும் நட்பு அதிகாரத்திலேயே இடித்துரைத்தலை நண்பனின் கடமையாக வைத்தார். 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, பிறரது தீய போக்கை ஊக்குவிக்கும் முகத்துதியை எட்டாம் கட்டளைக்கு எதிரான குற்றமாக எண்ணுகிறது. ஆகவே, கேட்காதிருப்பதும் சொல்லாதிருப்பதும் அன்பின் அடையாளங்கள் என்ற வாதம் நம் மரபுக்கே அந்நியமானது.

நேர்மை என்ற பெயரில் நண்பரின் கடனை அன்பியக் கூட்டத்தில் அலசுவோரும் உண்டு. அது நேர்மையன்று, புறங்கூறல். குற்றம் கண்டால் முதலில் அவரிடம் தனியே சென்று பேசவேண்டும் என்பதே மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டிய ஒழுங்கு.

எனவே ஜாமீன் கேட்கச் செல்லும்போது, நம் கடன்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி முதலில் நண்பர் முன் வைப்போம். ஜாமீன் தருமுன், அதை நேராகக் கேட்போம், வீட்டில் கலந்துபேசுவோம். இயலாதெனில், “இயலாது” என்று சொல்லி, நம்மால் இயன்ற தொகையைக் கொடுத்துதவுவோம். இவ்வளவும் கேட்டபின் நம்மை விட்டு விலகுகிறவர் நம் கையெழுத்தை மட்டுமே தேடி வந்தவர். விலகாதவரோடு அடுத்த ஞாயிறும் அதே இருக்கையில் மனக்கூச்சமின்றி அமரலாம்.