கர்த்தர் காட்டும் காலேஜ்!

பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்து மேல் படிப்புக்கு மனுப்போடும் காலம் வந்துவிட்டால், கிறிஸ்துவத் தோழர்கள் பலருடைய வீடுகளில் ஒரு வேடிக்கை நடந்து வருகின்றது. பிள்ளைக்குக் கணக்கு வருமா, விஞ்ஞானம் பிடிக்குமா, குடும்பத்தால் எவ்வளவு சம்பளம் கட்ட முடியும் என்றெல்லாம் யோசிப்பதற்குப் பதிலாக, "கர்த்தர் வழிகாட்டட்டும்" என்று உபவாசமிருப்பதும், கண்ணை மூடிக்கொண்டு வேதப் புஸ்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தையே உத்தரவாகக் கொள்ளுவதுமாக நாளைக் கழிக்கின்றார்கள்.

இதைக் கேட்டு இந்துத் தோழர்கள் சிரிக்க வேண்டியதில்லை. சரஸ்வதி முன் பேனாவை வைத்துக் கும்பிடுகிறவரும், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியன் வீட்டுக்கு ஓடுகிறவரும் இவர்களுக்கு அண்ணன்மாரேயொழிய வேறல்லர்.

இடம் கிடைத்தால் கர்த்தர் கிருபையாம்; கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு விசுவாசம் போதாதாம். இது என்ன நியாயம்? அன்றியும், பெண் பிள்ளைக்கு மாத்திரம் கர்த்தர் எப்பொழுதும் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள, சம்பளம் குறைந்த காலேஜையே காட்டுவதன் மர்மம் என்ன? பேசுவது கர்த்தரா, தகப்பனாரா?

மதம் கல்விக்கு வழிகாட்டிய லட்சணத்தைச் சரித்திரத்தில் பாருங்கள். 1581 முதல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சேருகிறவன் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளுக்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது. கத்தோலிக்கனும் யூதனும் வெளியே நின்றார்கள். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த இம்மாதிரித் தடைகளைப் பெரும்பாலும் ஒழித்தது 1871-ம் வருஷத்துச் சட்டமேயன்றி ஜெபமல்ல.

"பாதிரிமார் நம் நாட்டில் பள்ளிக்கூடம் வைக்கவில்லையா?" என்று கேட்கலாம். வைத்தார்கள், மறுக்கவில்லை. 1837-ல் சென்னையில் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் வைத்த பள்ளிக்கூடமே பிற்காலத்தில் கிறிஸ்டியன் காலேஜாக வளர்ந்தது. ஆனால் அங்கே கட்டடம் எழுப்பியதும் பாடம் சொன்னதும் மனிதர்கள்தானே?

கிறிஸ்துவரான ஆதிதிராவிடத் தோழர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்லுவோம். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு உங்களை ஷெட்யூல்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றது. சீக்கியரை 1956-லும் பவுத்தரை 1990-லும் சேர்த்துக்கொண்டவர்கள் உங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நீங்கள் பிற்பட்ட வகுப்பாரோடு போட்டியிட வேண்டும். ஆனாலும் ஆதிதிராவிடர் நலத்துறையின் படிப்பு உதவித்தொகை, மதம் மாறிய உங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு. இதெல்லாம் எந்த வசனத்தில் இருக்கின்றது? சர்க்கார் உத்தரவில் அல்லவா இருக்கின்றது! அதைப் படிக்காமல் முழங்காலில் நின்றால், மனுவின் கடைசித் தேதி உங்களுக்காகக் காத்திருக்குமா?

ஆகவே தோழர்களே! ஜெபம் செய்கிறவர் செய்துகொள்ளட்டும். ஆனால் உபாத்தியாயரைக் கேளுங்கள். அப்படிப்பைப் படித்து வேலை பார்க்கிறவரைக் கேளுங்கள். ஜாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் இன்றே வாங்கி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். படிக்கப் போவது கர்த்தரல்ல, பிள்ளைதான் என்பதை மாத்திரம் மறந்துவிடாதீர்கள்.