நூறு ஆட்டங்களின் தீர்ப்பு

கணினிச் சதுரங்க உலகில் 2019-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. நார்வே நாட்டவரான மார்ட்டின் தொரெசென் 2010-இல் ஆரம்பித்து வைத்ததும், எஞ்சின்கள் எனப்படும் தலைசிறந்த சதுரங்க நிரல்களை நீண்ட நேர ஆட்டங்களில் மோதவிட்டு உலகம் பார்க்க நடத்தப்படுவதுமான டி.சி.இ.சி. போட்டியின் பதினைந்தாவது பருவத்தில், இறுதிச் சமரின் நூறு ஆட்டங்களில், லீலா என்னும் நரம்பு வலைப்பின்னல் எஞ்சின், சக்கரவர்த்தியாக வீற்றிருந்த ஸ்டாக்ஃபிஷை 53.5-க்கு 46.5 என்ற கணக்கில் வென்றது. யந்திரங்களின் யுகமே மாறிவிட்டதாகப் பிரகடனம் செய்தவர்கள் அநேகர். கணக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொற்பம்.

பிரித்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான். நூறில் 79 ஆட்டங்கள் டிரா; லீலா வென்றவை 14, தோற்றவை 7. முடிவு கண்ட அந்த 21 ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டும் சம பலமுள்ளவை என்றே வைத்துக்கொண்டாலும், நாணயத்தை 21 தடவை சுண்டும்போது பதினான்கோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு எவ்வளவு வாய்ப்புண்டோ, அவ்வளவு வாய்ப்பு, அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, இத்தகைய வெற்றி வெறும் அதிர்ஷ்டத்தாலேயே நேர்வதற்கும் உண்டு. மறு வருஷமே பதினெட்டாவது பருவத்தில் இதே இரு எஞ்சின்களும் மறுபடி சந்தித்தபோது, அதே 53.5-க்கு 46.5 ஸ்டாக்ஃபிஷின் பக்கம் திரும்பியது. இடைக்காலத்தில் இரண்டுமே திருத்தம் பெற்றிருந்தன என்பது மெய். ஆயினும் யுகங்கள் இவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

எஞ்சின்களை உருவாக்குகிறவர்களுக்கு இந்தச் சூக்ஷ்மம் நன்றாகத் தெரியும். ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2013 முதல் நடத்திவரும் ஃபிஷ்டெஸ்ட் ஏற்பாட்டில், தன்னார்வலர்கள் இரவலாகத் தரும் கணினிகளில், ஒவ்வொரு சிறு திருத்தமும் முதலில் ஒரு பக்கத்துக்குப் பத்து வினாடியும் நகர்த்தலுக்குப் பத்தில் ஒரு வினாடியும் கொண்ட மின்னல் ஆட்டங்களிலும், அதில் தேறியபின் அறுபது வினாடி ஆட்டங்களிலும் ஆயிரக்கணக்கான தடவை சோதிக்கப்படுகிறது. நீண்ட பரீக்ஷை என்று அங்கே சொல்லப்படுவதே ஒரு நிமிஷந்தான்! (இந்த ஏற்பாட்டை அமைத்த கேரி லின்ஸ்காட் என்பவரே பிற்பாடு லீலாவையும் தொடங்கி வைத்தார், எதிரிகள் இருவருக்கும் ஒரே தொட்டில்.) இரண்டு எஞ்சின்களில் எது பலசாலி என்பதே கேள்வியானால், அதற்கு விடை தரக்கூடியது இந்த வேகமான, அலங்காரமற்ற, எவரும் உட்கார்ந்து ரசிக்காத முறைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியிருக்க, ஆட்டத்துக்கு மணிக்கணக்காக நேரம் கொடுத்து, நூறு ஆட்டங்களை வாரக்கணக்கில் நடத்துவது வீண் காலவிரயமா? அல்ல என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எது பலசாலி என்பதை அதுவே காட்டும் என்று அதன் ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

ஆல்பாஜீரோவின் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம், தன் நிரல் ஸ்டாக்ஃபிஷுடன் ஆடிய நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி ஒன்றுமில்லை என்று அறிவித்தபோது, நகர்த்தல் ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு நிமிஷம் என்ற விதி கடுமையான ஆட்சேபத்துக்கு உள்ளாயிற்று. எந்த இடத்தில் ஆழ்ந்து யோசிப்பது, எந்த இடத்தில் சட்டென்று காயை நகர்த்துவது என்று தன் நேரத்தைத் தானே பங்கிட்டுக்கொள்ளும் சாமர்த்தியம் ஸ்டாக்ஃபிஷின் பலத்தில் ஓர் அங்கம்; அந்த விதி அதைப் பறித்துவிட்டது. மறு ஆண்டு வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில், மூன்று மணி நேரமும் நகர்த்தலுக்குப் பதினைந்து வினாடியும் தந்து ஆடிய ஆயிரம் ஆட்டங்களில், ஆல்பாஜீரோ 155 வென்று 6 தோற்றது. ஆட்சேபம் செய்தவர்களின் வாய் ஓரளவு அடைபட்டது அந்த நிதானமான கடிகாரத்தால்தான். ஆல்பாஜீரோ வினாடிக்கு 80,000 நிலைகளையும் ஸ்டாக்ஃபிஷ் ஏழு கோடி நிலைகளையும் பரிசீலித்ததாக முதல் அறிக்கையே சொல்லுகிறது. இவ்வளவு வேறுபட்ட இரு சிந்தனை முறைகளில், கால அவகாசம் கூடும்போது எது அதிக லாபம் அடையும் என்பதைப் பத்து வினாடி ஆட்டத்திலிருந்து ஊகித்தறிய இயலாது. ஆடவிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. கிராண்ட்மாஸ்டர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் மறுநாள் ஆட்டத்துக்கான ஆரம்ப வரிசையை இரவு முழுவதும் எஞ்சினிடம் ஒப்படைத்து விடியற்காலையில் அதன் தீர்ப்பைக் கேட்கிறார்கள். சென்னையிலும் இதுவே வழக்கம். அவர்களுக்கு வேண்டியது மின்னல் வேகத்தில் ஜெயிக்கும் எஞ்சினல்ல, பல மணி நேரம் யோசித்தபின் உண்மையைச் சொல்லும் எஞ்சின். உள்ளே புக வழியே இல்லாத கோட்டையைப்போல் காய்கள் பூட்டிக்கொண்ட நிலையை வெற்றி நிலையென்று மணிக்கணக்காகச் சாதித்துக்கொண்டிருக்கும் பிடிவாதம் எந்த எஞ்சினுக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதை நீண்ட ஆட்டங்கள் வெளிச்சமிட்டுக் காட்டும்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. அவகாசம் கூடக்கூட டிராக்கள் பெருகுகின்றன. சாதாரணத் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால், இன்றைய எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களையும் சமன் செய்துவிடும். ஆகவே, ஒரு பக்கம் சாய்ந்த ஆரம்பங்களை மனிதர் ஒருவர் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றையும் வெள்ளை மாற்றி, கறுப்பு மாற்றி இரு முறை ஆடவிடுகிறார்கள். டி.சி.இ.சி.யில் இப்பணியை நெதர்லாந்துக்காரரான ஜெரோன் நூமென் பலகாலம் செய்திருக்கிறார். சாய்வு குறைந்தால் இரண்டும் டிரா. மிஞ்சினால் இரண்டிலும் வெள்ளைக்கே ஜெயம். இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய விளிம்பில் மட்டுமே எஞ்சின்களின் தராதரம் தெரிகிறது. அந்த விளிம்பைக் கண்டுபிடிக்கும் மனிதரின் ரசனையும் முடிவில் கலந்திருப்பதை மறைத்து, தீர்ப்பு முழுதும் யந்திரங்களுடையதே என்று பேசுவது நியாயமாகாது.

முடிவுகளை நேர்மையாக அறிவிப்பதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. ஸ்வீடன் தேசத்துக் கணினிச் சதுரங்கச் சங்கத்தார் 1984 முதல் வெளியிட்டுவந்த தரப்பட்டியலில், நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்ற போட்டிக் கடிகாரப்படி, அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுக் கணினிகளில் ஆட்டங்களைப் பொறுமையாக நடத்தி முடிவுகளைச் சேகரித்தார்கள். ஒவ்வொரு எஞ்சினின் மதிப்பெண்ணுக்கும் பக்கத்திலேயே, அது மேலே எத்தனை புள்ளி, கீழே எத்தனை புள்ளி பிசகியிருக்கக்கூடும் என்பதையும் அச்சிட்டார்கள். இன்றைய இறுதிச் சமர்களின் அறிவிப்பில் முதல் வரியிலேயே இருக்கவேண்டியவை அந்த இரண்டு எண்கள்.